பேரொளியும் ஒரு ஜோடி ஷூவும்

எல்லாம் ஒரு ஜோடி ஷூவால் வந்த வினை என்று சீனியர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அது சுத்தப் பொய். ஷூ தானாக நடந்து வந்து ஈப் பெட்டிக்குள் ஏறி உட்காரவில்லை. கொண்டுபோய் வைத்தது அவர் கைதான்.

சீனியர் என்பது அவருடைய பெயரும் இல்லை, பதவியும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் தலை நரைக்கிற வரைக்கும் இருந்துவிட்ட ஒருவருக்கு மேற்கொண்டு எதையும் கொடுக்க மனமில்லாதபோது இப்படி ஒரு பட்டத்தைக் கொடுத்துவிடுவது வசதி. அங்கே அவருடைய வேலை பழ ஈக்களின் கண்ணைப் பார்ப்பது. வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அதே ஈதான். வீட்டில் துரத்துகிறோம், அங்கே கண்ணாடிக் குப்பியில் போட்டு, சோளமாவும் சர்க்கரையும் காய்ச்சி ஊற்றி, மாப்பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள்.

இந்த ஈக்கு இயல்பில் கண் செக்கச்செவேலென்று இருக்கும். அந்தச் சிவப்பைக் கொண்டுவருகிற மரபணுவுக்குப் பெயர் ‘வெள்ளை’. அது கெட்டுப்போனால் கண் வெளுத்துவிடும், அதனால் அந்தப் பெயர். ஈக்காரர்கள் எதையும் கெட்டுப்போன பிறகுதான் கவனிப்பார்கள். மற்ற மனிதர்களும் அப்படித்தான் என்பதால் இதைத் தனியாகக் குறை சொல்ல முடியாது.

குரோமோசோமில் சில இடங்கள் சுருண்டு, இறுகி, கட்டியாகக் கிடக்கும். ஹெட்டரோகுரோமாட்டின் என்பார்கள். அங்கே மாட்டிக்கொண்ட மரபணுக்கள் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. சீனியர் வளர்த்த ஈக்களில் ‘வெள்ளை’ மரபணு சொந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து, இந்த இறுகிய பகுதிக்குப் பக்கத்து வீட்டில் குடியேறியிருந்தது. மரபணுவில் ஒரு குறையும் இல்லை. சேர்க்கைதான் சரியில்லை. ஈ இன்னும் ஈயாகாமல் வளர்ந்துகொண்டிருக்கும்போதே, நாளைக்குக் கண்ணாகப் போகிற சில செல்களில் பக்கத்து வீட்டு இறுக்கம் சுவர் தாண்டிப் பரவி இதன் வாயையும் பொத்திவிடும்; சில செல்களில் விட்டுவிடும். பொத்தப்பட்ட செல்லின் பிள்ளை, பேரன் எல்லாம் ஊமை. தப்பித்த செல்லின் வம்சம் முழுக்கச் சிவப்பு. கடைசியில் ஈ வெளியே வரும்போது கண், வெள்ளைச் சட்டையில் சிவப்பு மை தெறித்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும்.

இந்த ஊமைத்தனத்தைக் கலைத்து, கண்ணை முழுக்கச் சிவக்கவைக்கிற ஒரு புது மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பேராசிரியர் போன வருடம் உலகத்துக்கு அறிவித்தார். ஈ உலகத்தில் புது மரபணுக்களுக்கு விளையாட்டாகப் பெயர் வைப்பது வழக்கம். பேராசிரியர் விளையாடுகிற ஆள் இல்லை. கண்ணை மூடி, சற்று நேரம் இருந்து, ‘பேரொளி’ என்று வைத்தார். அன்று முதல் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கட்டுரையில் முதல் பெயர் சீனியருடையது. ஈக்களை வளர்த்தது, கண்ணைப் பார்த்தது எல்லாம் அவர். ஷூவை வைத்ததும் அவர். அது மட்டும் கட்டுரையில் இல்லை.

நடந்தது இதுதான். ஆய்வுக்கூடத்தில் ஈ வளர்க்கிற வெப்பப் பெட்டிகள் இரண்டு. பெரிய பெட்டியில் பாதி இடத்தை, பேராசிரியர் மாணவராக இருந்தபோது வளர்த்த ஈக்களின் வாரிசுகள் அடைத்துக்கொண்டிருந்தன. எதற்கும் பயன்படாத வம்சம். ஆனால் தூக்கிப் போட யாருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் சாதா ஈக்களைப் பெரிய பெட்டியிலும், பேரொளி ஈக்களைச் சின்னப் பெட்டியிலும் சீனியர் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்கிற இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. இரண்டும் இருபத்தைந்து டிகிரிதானே என்று சும்மா இருந்துவிட்டார்.

அப்போது விடாத மழை. மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ ஒரே ஜோடி. ஈர ஷூவோடு போனால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். “எங்கயாவது காயவச்சுக் கொண்டாங்களேன், நீங்கதான் பெட்டி பெட்டியா வச்சிருக்கீங்களே” என்று மனைவி சொன்னாள். சின்னப் பெட்டியின் சூட்டுத் திருகு என்றைக்கோ உடைந்துபோய், ஒரு இரும்பு மொட்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை சீனியருடைய கட்டிங் பிளேயரால் மட்டும்தான் திருப்ப முடியும். இருபத்தொன்பதுக்குத் திருப்பினார். ஷூவை அடித்தட்டில் வைத்தார். முதல் நாள் காலையில் மறக்காமல் இறக்கினார். இரண்டாம் நாளும் இறக்கினார். அப்புறம், சாயந்திரம் மறுபடியும் ஏற்றத்தானே போகிறோம் என்று அப்படியே விட்டுவிட்டார். மழை விடுகிற வரைக்கும் ஈக்கள் ஷூவோடு சேர்ந்து சூட்டில் கிடந்தன.

சூட்டில் வளர்ந்தால் இந்த ஈக்களின் கண் சிவக்கும், குளிரில் வளர்ந்தால் வெளுக்கும். இது ஈக்காரர்களின் அரிச்சுவடி. சூட்டில் வளர்ந்த ஈ சீக்கிரம் வெளியே வந்துவிடும் என்பதும் அரிச்சுவடிதான். பேரொளி ஈக்கள் சீக்கிரமே வந்தன. சிவந்த கண்ணோடு வந்தன. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்த சீனியருக்கு உடனே ஷூ ஞாபகம் வந்தது. அதற்குள் பேராசிரியர் பின்னால் வந்து நின்று, “அடேயப்பா!” என்றார். அந்த அறையில் இருபது வருஷத்தில் யாரும் சீனியரைப் பார்த்து அடேயப்பா சொன்னதில்லை. வாயில் வந்ததை விழுங்கிவிட்டார்.

விழுங்கினது செரிக்கவில்லை. அது தெரிய ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் அவருடைய மச்சினி அதே ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். மனைவியின் தங்கை. சேர்த்துவிட்டதே அவர்தான். பேராசிரியர் அவளுக்குக் கொடுத்த வேலை, பேரொளி எப்படி அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்று கண்டுபிடிப்பது. அவள் ஒழுங்கான பெண். முதலில் பழைய சோதனையை ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்று, இரண்டு வகை ஈக்களையும் சின்னப் பெட்டியில் ஒரே தட்டில் வைத்து வளர்த்தாள். இரண்டுக்கும் கண் ஒரே மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் அப்படியே.

பேராசிரியர் அவளையும் சீனியரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“கன்னி ஈ பொறுக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கும்மா டாக்டர் பட்டம்?”

ஈ வேலையில் இதைவிடப் பெரிய வசை கிடையாது. பெண் ஈ வெளியே வந்த சில மணி நேரத்திலேயே ஜோடி சேர்ந்துவிடும். அதற்கு முன்பே பொறுக்கித் தனியாக வைக்காவிட்டால் குஞ்சுக்கு அப்பன் யாரென்று தெரியாமல் போகும். எந்தச் சோதனை கவிழ்ந்தாலும் முதலில் இந்தப் பழியைத்தான் தூக்கிப் போடுவார்கள்.

“ஒவ்வொண்ணா பார்த்துத்தான் சார் பொறுக்கினேன்.”

“பார்த்தா போதுமா? கவனம் வேணும். சீனியர் கை பட்டப்போ வந்த சிவப்பு உன் கை பட்டா ஏன் வரல? சீனியர், நீங்களே சொல்லுங்க.”

சீனியர் தரையைப் பார்த்தார். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

“அது... ஒரு கைப்பக்குவம் சார்.”

சமையலறையில் சொல்ல வேண்டிய சொல்லை அறிவியலில் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. பேராசிரியருக்கோ பரம திருப்தி. “கேட்டுக்கோ! இன்னும் ஒரே ஒரு தடவை. கட்டுரையில இருக்கிற மாதிரி அச்சு அசலா செய். சாதா ஈ பெரிய பெட்டி, பேரொளி சின்னப் பெட்டி. இதுலயும் வரலைன்னா உனக்கு இங்க இடம் இல்ல.”

வெளியே வந்ததும் மச்சினி சிரித்தாள். “அத்தான், அந்தக் கைப்பக்குவத்தை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்.” அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் குத்தியது.

அன்றைக்கு வீட்டில் மனைவி தட்டை ஒரு சத்தத்தோடு வைத்தாள். “உங்க ஆபீஸ்ல என் தங்கச்சியைப் போட்டு வறுத்து எடுக்கறாங்களாமே? நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன பண்ணீங்க?”

“நான் என்னடி பண்றது? பெரியவர் சொல்றாரு.”

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ரெண்டு வார்த்தை பேசக்கூடாது?”

பேச வேண்டிய அந்த இரண்டு வார்த்தை எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்று ஷூ, இன்னொன்று நான். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். வாயைப் பொத்தியது பேராசிரியர்தான் என்று கொஞ்ச நேரம் நம்பிப் பார்த்தார். இறுகிப்போன பெரிய மனிதருக்குப் பக்கத்தில் குடியிருந்தால் எவனுக்கும் வாய் அடைத்துத்தான் போகும் என்று ஈயை வைத்தே ஒரு நியாயமும் தயாரித்தார். ஆனால் ஈயின் மரபணு வாயைத் திறக்க முடியாமல் கிடக்கிறது. தனக்கு அப்படி இல்லை என்பது அவருக்கே தெரிந்ததால் அந்த நியாயம் விடியும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

காலையில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. குற்ற உணர்ச்சி உள்ளவனுக்கு உதிக்கிற யோசனைகள் பெரும்பாலும் பழைய குற்றத்தின் தம்பியாகத்தான் இருக்கும். மச்சினியின் பேரொளி ஈக்கள் சின்னப் பெட்டியில் தனியாகத்தானே இருக்கின்றன? திருகை மறுபடி இருபத்தொன்பதுக்குத் திருப்பிவிட்டால் கண் சிவக்கும். பேராசிரியர் மகிழ்வார். மச்சினியின் இடம் தப்பும். யாருக்கும் நஷ்டமில்லை, உண்மையைத் தவிர. உண்மை என்றைக்கு வந்து சண்டை போட்டது?

பேராசிரியர் ஒரு பெரிய மாநாட்டில் பேரொளியைப் பற்றித் தலைமை உரை ஆற்றப்போகிறார் என்று, எல்லோரையும் வாசலில் நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். ஆய்வுக்கூடம் காலியாக இருந்தது. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சீனியர் உள்ளே போனார். சட்டைப்பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, இரும்பு மொட்டைப் பிடித்துத் திருப்பினார். அது கிறீச்சென்றது. திரும்பி வந்து வரிசையில் நின்றார். “சீனியர், கொஞ்சம் சிரிங்க” என்றார் புகைப்படக்காரர். சிரித்தார். அந்தப் படத்தில் எல்லோரையும்விட நன்றாகச் சிரித்திருப்பவர் அவர்தான்.

ஈக்கள் வெளியே வர ஆரம்பித்ததும் திருகைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு இறக்கிவைத்தார். மறுநாள் மச்சினி அவருடைய மேசைக்கு ஓடி வந்தாள். முகத்தில் ஜுரம் வந்தது போல ஒரு பளபளப்பு.

“அத்தான், சிவந்துடுச்சு! பேரொளி ஈ எல்லாம் செக்கச்செவேல்!”

“நான் சொல்லலை?” என்றார் சீனியர். பெரிய பாரம் இறங்கியது. “பெரியவர்கிட்ட போய்ச் சொல்லு.”

“இருங்க, முழுசா கேளுங்க. நான் ஒரு திருட்டுத்தனம் பண்ணியிருந்தேன். சார்கிட்ட சொல்லல. சாதா ஈலயும் சில குப்பி சின்னப் பெட்டியில, பின்னாடி மறைச்சு வச்சிருந்தேன். ஒரு சந்தேகத்துக்குத்தான்.” அவள் குரலைத் தணித்தாள். “அதுவும் சிவந்துடுச்சு அத்தான். சீக்கிரமாவும் வெளிய வந்துடுச்சு. அப்போ பேரொளியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பெட்டிதான். சின்னப் பெட்டி சுட்டிருக்கு.”

இறங்கின பாரம் ஏறின வேகத்தில் சீனியருக்குக் காது அடைத்தது.

“பழைய பெட்டி... ஏறி இறங்கியிருக்கும்” என்றார்.

“நான் முன்னாடி ரெண்டு தடவை வச்சப்போ ஏறலையே? யாரோ கை வச்சிருக்காங்க அத்தான். உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?” அவள் கேட்டது, இந்த இடத்தில் தனக்கு வேண்டிய ஒரே மனிதரிடம் கேட்கிற குரலில்.

“எனக்கெப்படிம்மா தெரியும்?” என்றார் அவர்.

கூட்டம் வழக்கமான நீள மேசையைச் சுற்றி நடந்தது. மச்சினி எழுந்து, படங்களைக் காட்டி, பதற்றமில்லாமல் சொன்னாள். சின்னப் பெட்டியில் வளர்ந்த எல்லா ஈக்கும் கண் சிவந்திருக்கிறது, பேரொளி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆகவே பழைய முடிவையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. புள்ளிவிவரம் போடுகிறவர் ஒருவர் உண்டு, கணக்கர் என்று கூப்பிடுவார்கள். இந்த முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கட்டுரைக்குப் பூஜ்ஜியங்களை அடுக்கிக் கொடுத்தவர். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பேராசிரியர் படங்களைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேசினபோது குரல் இனிமையாக இருந்தது. அவருக்குக் கோபம் முற்றினால் அப்படித்தான்.

“பெட்டி தானா சுடுமா?”

“சுடாது சார். யாரோ திருப்பியிருக்கணும்.”

“அந்தப் பெட்டியில யார் ஈ இருந்துச்சு?”

“என்னோடது சார்.”

“என்னைக் கேக்காம, நான் சொன்னதை மீறி, சாதா ஈயை உள்ள ஒளிச்சு வச்சது யாரு?”

“நான்தான் சார். ஆனா—”

“அப்போ திருப்பினதும் நீதான். என் கண்டுபிடிப்பைக் கவுக்கணும்னே பெட்டியைச் சூடாக்கி, ஈயை வேகவச்சு, நாடகம் ஆடியிருக்கே. மோசடிம்மா இது. நாளையிலேர்ந்து வர வேண்டாம். எந்த ஆய்வுக்கூடத்திலயும் உன்னைச் சேர்க்காம நான் பார்த்துக்கறேன்.”

மச்சினி அழவில்லை. மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். கணக்கர் தன் பேனாவைப் பார்த்தார், மற்றவர்கள் அவரவர் நகத்தைப் பார்த்தார்கள். பேராசிரியரிடமிருந்து புறப்பட்ட மௌனம் நாற்காலி நாற்காலியாகப் பரவிக்கொண்டே வந்தது. கடைசி நாற்காலியில் சீனியர் இருந்தார். அவள் பார்வை அங்கே வந்து நின்றது.

“சார், ஷூ” என்றார் சீனியர்.

“என்னது?”

“என் பொண்ணோட ஸ்கூல் ஷூ சார். போன வருஷ மழையில... நனைஞ்சிடுச்சு. சின்னப் பெட்டியில வச்சுக் காயவச்சேன். சூட்டை ஏத்தினேன். இறக்க மறந்துட்டேன். உள்ளதான் பேரொளி ஈ இருந்துச்சு. சிவந்தது அதனாலதான். இந்தப் பொண்ணு சொல்றது சரி சார். அவ செஞ்ச ஒவ்வொண்ணும் சரி.”

ஒரு பெரிய கண்டுபிடிப்பு சாகிற சத்தம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், ஏசி ஓடுகிற சத்தம் என்று சொல்லலாம். வேறு எதுவும் கேட்கவில்லை.

“நீங்க களைச்சுப் போயிருக்கீங்க சீனியர்” என்றார் பேராசிரியர்.

“இல்ல சார். ஷூதான்.”

“ஷூவா?” தலைமை உரையின் முதல் வரியை மனப்பாடமாக வைத்திருக்கிற ஒரு மனிதர் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்ப்பது பரிதாபமாக இருந்தது. பிறகு அவர் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. “ஒருவேளை அந்தத் தோலிலேர்ந்து ஏதாவது ரசாயனம் கசிஞ்சு... அது ஒரு புதுக் கோணம் இல்லையா?”

“கோணமும் இருக்கு சார், நாத்தமும் இருக்கு” என்றார் கணக்கர். யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. பேராசிரியரும் கடைசியில் ஒரு மாதிரி சிரித்து, அந்தச் சிரிப்போடு எதையோ விழுங்கினார்.

“சரி, அது போன வருஷம்” என்றார் அவர், தாள்களை அடுக்கிக்கொண்டே. “இந்தத் தடவை திருப்பினது யாரு? இப்ப மழை இல்லையே.”

சீனியர் வாயைத் திறந்தார். ஒரு பாதி வெளியே வந்தாகிவிட்டது. மறதியைச் சொல்வது அவமானம், ஆனால் மனிதர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். அடுத்த பாதிக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும்.

“பழைய பெட்டி சார். தானா ஏறியிருக்கும்.”

பேராசிரியர் தலையசைத்தார். அவருக்கும் கூட்டம் முடிந்தால் போதும் என்றிருந்தது. மச்சினி தலையசைக்கவில்லை. அவள் சீனியரின் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கட்டிங் பிளேயரின் சிவப்புக் கைப்பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் போன பிறகு அவள் வந்தாள். கையை நீட்டினாள். அவர் ஒன்றும் கேட்காமல் பிளேயரை எடுத்துக் கொடுத்தார்.

“உன்னைக் காப்பாத்தத்தான்...” என்று ஆரம்பித்தார்.

“போன வருஷம் நடந்தது மறதி. அதைச் சொல்லிட்டீங்க.” அவள் பிளேயரைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “இந்தத் தடவை, நான் உங்ககிட்டயே வந்து யார் மேல சந்தேகம்னு கேட்டேன். எனக்கெப்படித் தெரியும்னு சொன்னீங்க. அது மறதியா, சார்?”

சார் என்றாள். அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான் அது அவருக்குள் இறங்கியது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். மாநாட்டில் பேராசிரியர் தலைமை உரையை ரத்து செய்யவில்லை, தலைப்பை மட்டும் மாற்றினார். ‘அறிவியலில் நேர்மை’ என்று பேசி, எழுந்து நின்ற கைதட்டலை வாங்கி வந்தார். பேரொளி அணைந்தாலும் பேரொளி அணையவில்லை என்று கணக்கர் சொல்லிக்கொண்டு திரிந்தார். மச்சினிக்கு வேறு தலைப்பும் சின்னப் பெட்டியும் கிடைத்தன. பெட்டியின் இரும்பு மொட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவளுக்கு ஈக்கண் பார்த்துக் கொடுப்பது இப்போது சீனியரின் வேலை. எந்தக் குப்பி எந்த வகை என்று சொல்லாமல், வெறும் எண் போட்டுத்தான் கொடுப்பாள். அதுதான் சரியான முறை. அதில் அவர் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விடுமுறை நாளில் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அவள் வந்ததிலிருந்தே மனைவி பூரித்துப்போய் இருந்தாள். சீனியரின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி விழுந்தது.

“என்னவோ நெனச்சேன், மனுஷன் அத்தனை பேர் முன்னாடியும் எழுந்து நின்னு பேசிட்டாரே! தன் பேர் கெட்டாலும் பரவாயில்லைன்னு. இவரு மட்டும் வாயைத் தொறக்கலைன்னா உன் கதி என்னடி ஆகியிருக்கும்?”

மச்சினி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஆமாக்கா. அத்தான்தான் பேசினாரு.”

அத்தான் என்றாள். வீட்டில் அக்கா முன்னால் மட்டும் அந்தச் சொல் வரும் என்பது சீனியருக்குப் புரிந்தது.

“எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சுட்டாராமே?”

“சொன்னாரு.” அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். “போதுங்கற அளவுக்குச் சொன்னாரு.”

“அப்பா தைரியசாலிடி” என்றாள் மனைவி மகளிடம்.

மகள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். வெளியே நன்றாக இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. “அப்பா, ஷூ தொப்பலா நனைஞ்சிடுச்சு. நாளைக்கு ஸ்கூல் இருக்கு.”

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். சீனியர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். பழைய செய்தித்தாளைக் கிழித்து, உருண்டை பிடித்து, ஷூவுக்குள் ஒவ்வொன்றாகத் திணிக்க ஆரம்பித்தார். தாள் ஊறிக்கொண்டே வந்தது. எடுத்துவிட்டு மறுபடி திணித்தார். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மனைவி இன்னும் அவரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காயுமா?” என்று கேட்டாள் மகள்.

“காயணும்” என்றார்.